வாசிக்கிற பிள்ளை

நான் ஓய்வு பெற்று எட்டு மாதத்தில் எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்குப் பகுதியை மூடிவிட்டார்கள். எழுத்துப் பிழைகளை இனிமேல் கணினியே பார்த்துக்கொள்ளுமாம். அந்தப் பகுதியில் கடைசிவரை இருந்தவள் என்பதால் அலுவலகத்துப் பிள்ளைகள் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எத்தனை ஆயிரம் பக்கம் வாசித்திருப்பீர்கள், எவ்வளவு கொடுத்துவைத்த வேலை என்று அவர்களில் ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். வாசிப்பே தொழிலாக இருந்தவளுக்கு வாசிப்பு எப்படிக் கைவிட்டுப் போனது என்பதை அவளுக்குத் தொலைபேசியில் விளக்க முடியாது. எழுதிப் பார்க்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. தமிழில் மட்டும் நல்ல பெறுபேறு இருந்தது. பண்டத்தரிப்பிலிருந்து காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், பின்னேர பஸ்ஸில் திரும்பிவருவேன். அப்போது ஈய எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். பிறகு சண்டை நாட்களில் பத்திரிகைக் கடதாசி வராமல் கோடு போட்ட கொப்பித்தாளில்கூட அச்சடித்தோம். அதற்குப் பிறகு கணினி வந்தது. இதற்கிடையில் என்னுடைய அம்மா அப்பா இருவரும் போய்விட்டார்கள். தம்பி கனடாவுக்குப் போனான். எனக்குப் பேசிவந்த கலியாணங்கள் ஒவ்வொரு காரணத்தால் நின்றுபோயின. எல்லாவற்றையும் சேர்த்தால் இந்த அளவுதான். நான் நின்று சொல்ல நினைப்பது வேறு.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் நடராசா ஐயா. மெலிந்த, உயரமான மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. தடித்த கறுப்புச் சட்டம் போட்டது புறூவ் என்கிற அச்சுப்படி பார்க்க. மெல்லிய கம்பிச் சட்டம் போட்டது மத்தியானம் சாப்பிட்ட பிறகு கதைப் புத்தகம் வாசிக்க. கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சரியாக இருபது நிமிடம் வாசிப்பார். அந்த நேரத்தில் ஆசிரியரே வந்து கூப்பிட்டாலும் கையை உயர்த்திக் காட்டுவார், திரும்ப மாட்டார். ஒருநாள் கறுப்புக் கண்ணாடி உடைந்தபோது, மற்றதைப் போட்டுக்கொண்டு பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டார். வேலைக் கண்ணும் ஆசைக் கண்ணும் கலக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

வேலை நடக்கும் முறை இதுதான். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரலை ஓட்டிக்கொண்டு போவார். கமா, முற்றுத்தரிப்பு எல்லாவற்றையும் வாயால் சொல்லவேண்டும். பெயர் வந்தால் எழுத்தெழுத்தாக, "மழைக்கு வாற ழ," "பள்ளிக்கு வாற ள" என்று சொல்லவேண்டும். பிழையைக் குறித்த படி தட்டச்சுக்குப் போய்த் திருந்தி, இரண்டாம் படியாக வரும். குறித்த பிழை திருந்தியிருக்கிறதா, திருத்தும்போது வேறு ஏதாவது கெட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் பக்கம் அச்சுக்குப் போகலாம்.

மரண அறிவித்தலுக்கு மட்டும் ஒரு படி கூட. அதை ஒருமுறை மேலிருந்து கீழாகவும், ஒருமுறை கடைசி வரியிலிருந்து மேலாகவும் வாசிக்கவேண்டும். எங்கள் ஊர்களில் பத்திரிகையை விரித்தவுடன் எல்லோரும் முதலில் பார்க்கும் பக்கம் அதுதான். பிறப்பிடம், வதிவிடம், அன்னாரின் அன்பு மனைவி, பாசமிகு பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர்கள், லண்டனில் யார், பாரிசில் யார் என்று ஒரு குடும்பம் முழுவதும் அந்த ஆறு அங்குலத்துக்குள் வரிசையில் நிற்கும். ஒரு பெயர் விடுபட்டால் செத்தவீட்டில் சண்டை வரும். ஏன் கீழிருந்து வாசிக்கவேண்டும் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"கருத்து இழுக்கும், பிள்ளை," என்றார் நடராசா ஐயா. "கருத்துக்குப் பின்னாலை போனால் எழுத்துக் கைதப்பிப் போகும்."

நானும் அப்படியே பழகினேன். பழகிய பிறகு கருத்து என்னை இழுப்பது நின்றுவிட்டது. ஒரு முழுப் பக்கக் கட்டுரையைப் பிழையில்லாமல் பார்த்து முடித்திருப்பேன். அதில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் தெரியாது.

ஒரேயொரு விதிவிலக்கு இருந்தது. ஞாயிறு இதழில் தொடர்கதை வரும். அதன் அச்சுப்படி வியாழன் மத்தியானமே என்னுடைய மேசைக்கு வந்துவிடும். ஊர் முழுக்க ஞாயிறுவரை காத்திருக்க, அடுத்து என்ன நடந்தது என்று மூன்று நாள் முந்தி எனக்குத் தெரியும். முறைப்படி பிழை பார்த்து முடித்ததும், அதை மேசையில் வைத்து இன்னொருமுறை, என்பாட்டுக்கு வாசிப்பேன். அம்மா செத்த பிறகு வீட்டில் பேச்சுக்குரல் கிடையாது. வியாழக்கிழமை வாசித்ததை வைத்துக்கொண்டு வெள்ளி, சனி இரண்டு நாட்களையும் ஓட்டிவிடுவேன். சமைக்கும்போது கதையிலுள்ள ஆட்களோடு வாய்க்குள் கதைப்பேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. அப்போது கப்பலில் சமையல்காரனாக இருந்த ஒருவனைப் பற்றிய தொடர் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருடமாக ஊருக்கு வராதவன், தமக்கையின் வீட்டுப் படலையில் வந்து நிற்கிறான். அவள் திறப்பாளா, மாட்டாளா என்பதில் முந்திய வாரம் நின்றிருந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில் பருத்தித்துறையிலிருந்து ஒரு அம்மா மரண அறிவித்தல் கொடுக்க வந்திருந்தார். பெயர் யோகம்மா. முதல்நாள் இரவு கணவர் இறந்திருந்தார். அந்த நிலையிலும் தானே பஸ் ஏறி வந்திருக்கிறார் என்றதும் விளம்பரப் பகுதியில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னிடம் அனுப்பினார்கள். அவருடைய மைத்துனர் எழுதிக் கொடுத்துவிட்ட தாளில், பிள்ளைகளின் வரிசையில், "காலஞ்சென்ற ரூபன்" என்று இருந்தது. அந்தச் சொல்லை யோகம்மா பென்சிலால் வெட்டியிருந்தார். ரூபன் அவருடைய இளைய மகன். சண்டைக் காலத்தில், இருபத்திரண்டு வயதில், சைக்கிளுக்கு ரியூப் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. அன்றிலிருந்து அவனுடைய படத்தோடு அவர் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை.

"உந்தச் சொல் என்ரை பிள்ளைக்கு முன்னாலை வரக்கூடாது," என்றார். "மற்ற ஆக்கள் அவசரப்படுகினம். நான் அவசரப்படேல்லை."

வராது அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பென்சில் கோட்டைத் தட்டச்சுக்காரர் கவனிக்கவில்லை. முதல் படியில் அந்தச் சொல் இருந்தது. நான் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் நீக்கக்குறி போட்டு அனுப்பினேன். அதே அறிவித்தலில் இறந்தவருடைய தமையனின் பெயருக்கு முன்னாலும் அதே சொல் இருந்தது. தமையன் உண்மையாகவே காலமானவர். தட்டச்சுக்காரர் மகனின் பெயருக்கு முன்னால் இருந்ததை விட்டுவிட்டு, தமையனின் பெயருக்கு முன்னால் இருந்ததை எடுத்துவிட்டார். இரண்டாம் படி என்னுடைய மேசைக்கு வந்தபோது பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். எனக்கு முன்னால் தொடர்கதை கிடந்தது. தமக்கை உள்ளேயிருந்து நடந்து வருகிற சத்தம் கேட்கிறது, அவன் தொப்பியைக் கழற்றுகிறான். நான் இரண்டாம் படியை இழுத்தேன். சொல் ஒன்று நீங்கியிருப்பதை வரியின் நீளத்தில் கண்டேன். எந்த வரி என்று பார்க்கவில்லை. கீழிருந்து மேலாக வாசிக்கவில்லை. கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் படலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்தவர் பத்திரிகையை விரித்தார். அவருடைய தோளுக்கு மேலால் அந்த வரியைக் கண்டேன். செத்த தமையன் உயிரோடு இருந்தார். யோகம்மாவின் மகன் செத்துப்போயிருந்தான்.

அலுவலகத்தில் நடராசா ஐயா பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னை இருக்கச் சொன்னார். அந்த வரியை உரத்து வாசிக்கச் சொன்னார். கமாவோடு வாசித்தேன். கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். அந்த நேரத்தில் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர் என்று கேட்டார். தொடர்கதையின் படியை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு இருவரும் ஒரு மணித்தியாலம் ஒரு திருத்தம் எழுதப் பாடுபட்டோம். "காலஞ்சென்ற ரூபன் என்பதை ரூபன் எனத் திருத்தி வாசிக்கவும்" என்று நான் எழுதினேன். ஊரெல்லாம் அந்தச் சொல்லை இன்னொருமுறை வாசிக்கும் என்று அவர் அடித்துவிட்டார். அவர் உயிருடன் உள்ளார் என்று எழுத முடியாது. அது எங்களுக்குத் தெரியாது. காணாமற்போனவர் என்று எழுதுவதற்கு அந்த அம்மா அனுமதி தரவில்லை. எப்படி எழுதினாலும் ஒன்றில் அவனைக் கொன்றோம், இல்லையென்றால் ஒரு பொய் சொன்னோம். கடைசியில் ஐயா எல்லாத் தாளையும் கசக்கிப் போட்டார். மறுநாள் முழு அறிவித்தலையும், இரண்டு பெயர்களையும் சரிசெய்து, அதே இடத்தில், அதே அளவில், ஒரு விளக்கமும் இல்லாமல் திரும்பப் போட்டோம். அதைத் தவிர "கிரியைகள் நடைபெறும்" என்பதை மட்டும் "நடைபெற்றன" என்று மாற்றினோம். அதை அவரே வாசித்தார், நான்கு முறை.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்த பிறகு யோகம்மா வந்தார். நடராசா ஐயா எழுந்து தன்னுடைய கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு வெளியே போனார். யோகம்மா சத்தம் போடவில்லை. ஊரில் ஆட்கள் துக்கம் விசாரிக்கிறார்கள் என்றார், கணவருக்கும் மகனுக்குமாகச் சேர்த்து. ஒரு கந்தோரில் பத்திரிகையை வெட்டி வைத்துக்கொண்டு, நீங்களே போட்டிருக்கிறீர்களே அம்மா என்றார்களாம். இரண்டாம் நாள் வந்ததை அவர்கள் வெட்டி வைக்கவில்லை.

"நீங்கள் வாசிக்கேல்லையோ, பிள்ளை?" என்று கேட்டார்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வேலை கூட, மின்சாரம் நின்றது, தட்டச்சுக்காரர் விட்ட பிழை என்று. எனக்கு வரவில்லை.

"வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான் அம்மா. வேறை ஒண்டை. ஒரு கதையை."

"நல்ல கதையோ?"

"ஓம்."

"அவனும் உப்பிடித்தான்," என்றார் யோகம்மா. "புத்தகத்தைக் கையிலை எடுத்தால், கூப்பிட்டாலும் கேளாது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். நான் அன்றோடு கதை வாசிப்பதை விட்டேன். ஞாயிறு இதழை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லி நடராசா ஐயாவிடம் கேட்டேன். கதையில் பிழையில்லை பிள்ளை, நேரத்தில்தான் பிழை என்று அவர் ஒருமுறை சொன்னார். நான் கேட்கவில்லை. சமையல்காரனுக்குத் தமக்கை படலையைத் திறந்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு வருடத்தில் ஐயாவும் காலமானார். அவருடைய அறிவித்தலை நான்தான் பார்த்தேன், கீழிருந்து மேலாக.

யோகம்மா வருடம் ஒருமுறை கணவரின் நினைவஞ்சலியோடு வருவார். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். நான் அவருக்கு உரத்து வாசித்துக்காட்டுவேன். பிள்ளைகளின் வரிசையில் ரூபனின் பெயர் வெறுமனே வரும். தலையாட்டுவார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போவார். அதற்குமேல் நாங்கள் கதைத்தது குறைவு.

ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழும்ப ஒரு காரணம் தேவைப்பட்டது. முற்றம் கூட்டினேன். வெங்காயம் நட்டேன். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து தொலைபேசி எடுப்பான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பான், நான் சொல்லுவேன், பிறகு இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. மற்ற ஆறு நாளும் என் கண் சும்மா இருக்கமாட்டாமல் பால்மாப் பெட்டி, மருந்துச் சீட்டு, கோயில் நோட்டீஸ் எல்லாவற்றிலும் பிழை பிடித்தது. அவற்றைத் திருப்பி அனுப்ப ஒரு மேசை இல்லை. அலுமாரியில் கதைப் புத்தகங்கள் இருந்தன. எடுத்தால் ஒற்றெழுத்துத்தான் கண்ணில் படும். இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவேன்.

பகுதியை மூடிய அந்த மாதம் விளம்பரப் பகுதியிலிருந்து ஒரு பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பருத்தித்துறையிலிருந்து ஒரு வயதான அம்மா நினைவஞ்சலியோடு வந்து, அந்த வாசிக்கிற பிள்ளை எங்கே என்று கேட்கிறார், கணினியில் போட்டுக் காட்டினாலும் ஒப்புக்கொள்கிறார் இல்லை என்றாள். தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள், நான் வருகிறேன் என்றேன்.

மறுநாள் போனேன். பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து மாறிப் பருத்தித்துறை. கடற்கரைக்குக் கிட்டச் சிறிய வீடு. யோகம்மாவும் தனியத்தான் இருந்தார். மூத்தவன் பிரான்சில், மகள் கலியாணம் முடித்துக் கொழும்பில். கண்ணில் புரை வெட்டியும் சின்ன எழுத்துத் தெரிவதில்லை. நினைவஞ்சலியை வாசித்தேன். தலையாட்டினார். பிறகு வழக்கம்போலப் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

அறையில் ரூபனின் புத்தகத் தட்டு அப்படியே இருந்தது. பெரும்பாலும் மலிவுப் பதிப்புத் துப்பறியும் நாவல்கள். ஒன்றை எடுத்து வந்து என்னுடைய மடியில் வைத்தார். முக்கால்வாசியில் ஒரு பஸ் ரிக்கற் செருகியிருந்தது. அவன் அதுவரைதான் வாசித்தான் என்றார். போவதற்கு முதல்நாள் சாப்பிடும்போது, பணக்காரக் கிழவரைக் கொன்றது அவருடைய டாக்குத்தர்தான், எனக்குத் தெரிந்துவிட்டது அம்மா என்று சொன்னானாம். அவன் வாசித்த அளவுக்கு வாசித்துக்காட்டச் சொன்னார்.

தொடங்கினேன். இரண்டு பக்கம் போயிருக்கும். யோகம்மா கையை உயர்த்தினார்.

"ஏன் பிள்ளை மரண அறிவித்தல் மாதிரி வாசிக்கிறியள்? அங்கை ஒரு ஆளைக் கொல்லப் போறாங்கள்."

கமாவையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது. திரும்பத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். அன்று ஐம்பது பக்கம். கிழமைக்கு ஒருநாள் என்று நான்கு முறை போய்வந்தேன். ஒவ்வொருமுறையும் இரண்டு பேருக்கும் சமைத்து வைத்திருந்தார். மூன்றாம் முறை போகும்போது, பஸ்ஸில், அந்த டாக்குத்தர் ஏன் மருந்துப் போத்தலைத் தோட்டத்தில் புதைத்தார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

ரிக்கற் இருந்த பக்கம் வந்ததும் நிறுத்தினேன். அவர், மிச்சத்தை நீங்கள் கொண்டுபோய் வாசியுங்கோ, எனக்குச் சொல்லவேண்டாம் என்றார்.

அடுத்த நாள் காலை, தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டரைப் போட்டுவிட்டுக் அடுப்படி வாசலில் இருந்து புத்தகத்தைத் திறந்தேன். பிழைகள் இருந்திருக்கும், மலிவுப் பதிப்பு அல்லவா. நான் காணவில்லை. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி கத்துகிறாள் என்பது நெடுநேரம் கழித்துத்தான் காதில் விழுந்தது. தாங்கி நிரம்பி வழிந்து வெங்காயப் பாத்தி முழுக்க வெள்ளம். மோட்டரை நிறுத்திவிட்டு, நனைந்த காலோடு திரும்பி வந்து இருந்து, மிச்சப் பக்கங்களையும் முடித்துவிட்டே எழும்பினேன். மத்தியானம் தாண்டியிருந்தது. யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் சொல்லவேண்டாம் என்றிருந்தார். ஞாயிறு வரும்வரை காத்திராமல் தம்பிக்கு எடுத்தேன். அங்கே விடியப்புறம். என்ன, சுகமில்லையா என்று பதறினான். ஒன்றுமில்லை, படு என்று வைத்துவிட்டேன்.

அடுத்த கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். யோகம்மா அதை வாங்கித் துணியால் துடைத்தார். தட்டில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பொறுத்தார்.

"டாக்குத்தர்தானோ?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அவர் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் அவரிடம் நான் ஒருமுறை உண்மையைச் சொல்லியிருந்தேன்.

"இல்லை அம்மா. கிழவரின்ரை தங்கச்சி."

யோகம்மா சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டதில்லை. மேல்வாயில் இரண்டு பல் இல்லை என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"உவனுக்கு எப்பவும் உப்பிடித்தான். பிழையான ஆளைத்தான் பிடிப்பான்," என்றார். "வரட்டும், சொல்லுறன்."